காவலர் கண்ணாடியும் குடிமகன் முகமும்

மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்த தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்லுகிறவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள், கொங்கணியரின் கோயில், குஜராத்தி வணிகரின் வீதி, யூதர் தெரு ஆகிய இவை யாவும் கூப்பிடு தொலைவில் அமைந்துள்ளன. பல மொழி பேசும் மக்கள் பல தலைமுறைகளாக ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்து வாழ்ந்து வரும் ஊர் இது. தமிழரும் இங்கே நேற்று வந்தவரல்லர். டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டதாகக் கூறப்படும் வண்ணார் மரபினர், ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் சலவைத் தொழிலை நடத்தி வருகின்றனர். அவர்களுக்குப் பின்னர் வணிகத்துக்கும், கூலி வேலைக்கும், அரசாங்க உத்தியோகத்துக்கும் வந்து குடியேறிய தமிழர் பலர்.

இத்தகைய ஊரில் முகமே ஒருவனுடைய சீட்டு. கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார். படகுத்துறையில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நலம் விசாரிக்கிறார். ஆனால் அவர்கள் நம்மை அறிவது போலவே நாமும் அவர்களை அறிவோம். நாம் அறியாத ஒருவர், நம்மைக் கேளாமலே, நம் முகத்தைக் கொண்டு நம் பெயரையும் பழைய செய்திகளையும் ஒரு நொடியில் அறிந்துகொள்வாராயின், அது வேறு வகையான அறிமுகம். அத்தகைய அறிமுகத்துக்கு உதவும் கருவி இன்று நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. அதைக் குறித்து மக்கள் மனத்தில் எழுந்துள்ள ஐயங்கள் யாவை, அவற்றுள் நியாயமானவை எவை என்பதை இங்கே ஆராய்வோம்.

2026-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், குடியரசு நாள் விழாவின் பாதுகாப்புக்காகத் தலைநகர் தில்லியின் போலீசார் ஒரு புதுவகைக் கண்ணாடியைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தனர். பார்வைக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி போன்றதே அது. அதிலுள்ள சிறிய காமிரா எதிரே வருவோரின் முகத்தைப் படம் பிடிக்கும். காவலரின் சட்டைப் பையிலுள்ள கைபேசி, அம்முகத்தைப் போலீஸ் பதிவேட்டிலுள்ள படங்களோடு ஒப்பிடும். பதிவேட்டில் இல்லாதவர் முகத்தைச் சுற்றிப் பச்சை நிறக் கட்டமும், இருப்பவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு நிறக் கட்டமும் கண்ணாடியில் தோன்றும் என்று விளக்கம் தரப்பட்டது. உலகுக்கு இது முற்றும் புதிதன்று. சீனாவில் ஜெங்ஜோ நகர ரயில் நிலையத்தில் 2018-ஆம் ஆண்டிலேயே, சந்திரப் புத்தாண்டுக் கூட்டத்தின்போது, போலீசார் இத்தகைய கண்ணாடிகளை அணிந்து நின்றனர்.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே காண்போம். நாம் ஒருவரை நினைவில் வைப்பது போலக் கணினி வைத்துக்கொள்வதில்லை. லட்சக்கணக்கான முகப் படங்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட கணினி, ஒவ்வொரு முகத்தையும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றிவிடுகிறது. இரு முகங்களின் எண் வரிசைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு அம்முகங்கள் ஒத்தவை என்று அது கணக்கிடுகிறது. ஒத்திருக்கும் அளவு, முன்னரே குறித்து வைத்த ஓர் எல்லையைத் தாண்டினால், 'பொருந்துகிறது' என்று கூறுகிறது. அந்த எல்லையைக் குறிப்பது யந்திரமன்று, மனிதரே. எல்லையைத் தாழ்த்தினால் குற்றவாளிகள் பலர் அகப்படுவர்; நிரபராதிகளும் பலர் அகப்படுவர். உயர்த்தினால் இரு சாராரும் குறைவர். நூற்றுக்கு எண்பது பங்கு ஒத்திருந்தாலே பொருத்தமாகக் கொள்வதாகத் தில்லிப் போலீசார் 2022-ஆம் ஆண்டில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுந்த கேள்விக்கு விடையளித்தனர்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் இருத்த வேண்டும். விமானப் பயணி ஒருவர், தாமே விரும்பிப் பதிவு செய்த தம் படத்தோடு தம் முகத்தை ஒப்பிட்டுக் காட்டி உள்ளே செல்லும் டிஜி யாத்திரை என்னும் ஏற்பாடு கொச்சி விமான நிலையத்திலும் உண்டு. அங்கே கேட்கப்படும் கேள்வி, 'இவர் தம்மைக் கூறிக்கொள்ளும் அந்த மனிதர்தாமா?' என்பது. காவலரின் கண்ணாடி கேட்பதோ, 'இத்தனை ஆயிரம் பேரில் இவர் யார்?' என்பது. முன்னதில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறோம். பின்னதில் ஒன்றைப் பல்லாயிரத்தோடு ஒப்பிடுகிறோம். ஒப்பீடுகள் பெருகப் பெருகத் தவறுகளும் பெருகும்.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. காணாமற்போன குழந்தையைத் தேடும் தாய்க்கு இக்கருவி தெய்வம் போலத் தோன்றலாம். 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லியில் நடத்திய சோதனையில், நான்கு நாட்களுக்குள் 2,930 குழந்தைகளின் முகங்கள் காணாமற்போனோர் பட்டியலிலுள்ள படங்களோடு பொருந்தின என்று உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் அதே நீதிமன்றத்தில், முகமறி கருவியின் துல்லியம் நூற்றுக்கு இரண்டே என்று போலீசார் ஒப்புக்கொண்டனர். 2019-ஆம் ஆண்டில், அது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு என்றும், ஆண் பெண் குழந்தைகளைக்கூட வேறுபடுத்தவில்லை என்றும் மத்திய அமைச்சகமே கூறிற்று. அதன் பின் கருவிகள் பெரிதும் திருந்தியுள்ளன என்பது உண்மையே. எனினும், ஒரு கருவியைப் பற்றி முதலில் வரும் புகழுரையை மட்டும் கேட்டு மனநிறைவு கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

கருவி மிகவும் திருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் ஒரு கணக்கு எஞ்சி நிற்கிறது. புத்தாண்டுக்கு முந்திய இரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்னும் முதியவரின் உருவத்தைக் கொளுத்தும் விழாவுக்குப் பெருங்கூட்டம் கூடுவதை நாம் அறிவோம். ஒரு லட்சம் பேர் கூடியிருப்பதாகவும், அவர்களுள் போலீசார் தேடும் மனிதர் பத்துப் பேர் இருப்பதாகவும் கொள்வோம். கருவி ஆயிரத்துக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டுகிறது. தேடப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகவே பிடித்துவிடுகிறது. இது மிக நல்ல கருவி என்றே எவரும் கூறுவர். ஆயினும் அன்றிரவு சிவப்புக் கட்டம் விழுவது 109 முகங்கள்மீது. அவற்றுள் ஒன்பதே தேடப்பட்ட முகங்கள். நூறு முகங்கள் யாதொரு குற்றமும் அறியாதவை. அதாவது, தடுத்து நிறுத்தப்படும் பன்னிருவரில் ஏறத்தாழப் பதினொருவர் நிரபராதிகள். நல்லவர் தொகை மிகப் பெரிதாகவும் தேடப்படுவோர் தொகை மிகச் சிறிதாகவும் உள்ள கூட்டத்தில், மிகச் சிறிய பிழையும் நல்லவர் மேலேயே விழும்.

அந்தப் பிழை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுகிறதா? அதுவும் இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின் தர அளவை நிலையம் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் 189 கணினி முறைகளைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தவறான பொருத்தம், வெள்ளையர் முகங்களில் நிகழ்வதைக் காட்டிலும் பல முறைகளில் பத்து முதல் நூறு மடங்கு வரை மிகுதி என்று அது கண்டது. பயிற்சிக்காகக் கணினிக்கு எவர் முகங்கள் மிகுதியாகக் காட்டப்பட்டனவோ அவர் முகங்களையே அது நன்கு வேறுபடுத்துகிறது. ஆகவே, நம் நாட்டில் பயன்படும் கருவி எந்த முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது, எவரால் சோதிக்கப்பட்டது என்று கேட்பது நம் உரிமை.

அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பார், டெட்ராய்ட் நகரக் கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருடுபோன வழக்கில், கணினி காட்டிய பொருத்தத்தை நம்பிய போலீசாரால் 2020-ஆம் ஆண்டு ஜனவரியில், மனைவி மக்கள் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார். அவருக்கும் திருட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 2024-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சமரசத்தில், முகப் பொருத்தம் ஒன்றை மட்டுமே கொண்டு இனி எவரையும் கைது செய்வதில்லை என்று அந்நகரப் போலீஸ் ஏற்றுக்கொண்டது.

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். யந்திரம் ஆங்கிலத்தில் 'மேட்ச்' என்கிறது. இதைத் தமிழில் 'ஒப்புமை காணப்பட்டது' என்றும் எழுதலாம். 'அடையாளம் காணப்பட்டது' என்றும் எழுதலாம். முதலாவது ஓர் ஐயம். இரண்டாவது ஒரு முடிவு. யந்திரம் அறிந்தது முதலாவதை மட்டுமே. ஆனால் விழாக் கூட்டத்தின் நடுவே, நெரிசலிலும் கூச்சலிலும் நிற்கும் காவலர், கண்ணாடியில் சிவப்பு நிறத்தைக் கண்டதும் இரண்டாவதையே உணர்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. எவரும் அவ்வாறே உணர்வர். வள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கண்ணாடியும் ஓர் ஒற்றனே. அதன் சொல்லைச் சரிபார்க்கும் இரண்டாம் ஒற்றன் யார் என்பதே கேள்வி.

தவறே செய்யாத கருவி ஒன்று வாய்த்தாலும் கவலை தீராது. நிலையாக நிற்கும் காமிராவுக்கு ஓர் இடம் உண்டு. வேண்டாதவர் அவ்விடத்தை விட்டு விலகலாம். காவலர் அணியும் கண்ணாடிக்கு இடமில்லை. அது கோயில் வாயிலுக்கும் வரும், தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் வரும், மருத்துவமனை வரிசைக்கும் வரும். பார்க்கப்படுகிறவருக்குத் தாம் பார்க்கப்படுவது தெரியவும் தெரியாது. கைரேகை கொடுப்பவன் கையை நீட்டுகிறான். முகத்தையோ எவரும் கேட்டுப் பெறுவதில்லை. மேலும், திருடுபோன சாவிக்கு மாற்றுச் சாவி செய்யலாம். முகம் பற்றிய குறிப்புகள் களவு போனால் முகத்தை மாற்ற முடியாது. தமிழ்நாட்டுப் போலீசாரின் முகமறி தளத்துக்குள் அயலார் புகுந்து தகவல்களைக் கவர்ந்த செய்தி 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியானதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

பதிவேட்டில் எவர் பெயர் ஏறுகிறது என்பது மற்றொரு கேள்வி. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், தண்டனை பெற்றவரிடமிருந்து மட்டுமன்றிக் கைது செய்யப்பட்டவரிடமிருந்தும் கைரேகை, நிழற்படம், கருவிழிப் பதிவு முதலியவற்றைப் பெற இடமளிக்கிறது. அவற்றை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். விடுதலை பெற்றவரின் குறிப்புகளை நீக்க விதி உண்டு எனினும், நீக்கப்பட்டதா என்று போய்க் கேட்கும் வசதி எத்தனை பேருக்கு உண்டு?

இவ்விஷயத்தில் தமிழருக்கு ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுக்குப் பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்காக அன்றி, பிறந்த குலத்துக்காகவே அவனுடைய கைரேகை பதிவு செய்யப்பட்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை கொடுக்க மறுத்து நின்ற கள்ளர் சமூகத்தினர்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர். நாடு முழுவதும் அச்சட்டம் 1952-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. கைரேகைக் கலை பொய்யன்று. அதை எவர்மீது, எந்தக் காரணத்துக்காகச் செலுத்தினர் என்பதிலேதான் கொடுமை இருந்தது.

மட்டாஞ்சேரிக்கும் அத்தகைய நினைவு ஒன்று உண்டு. இங்குள்ள துறைமுகத்தில் கப்பல் சுமை ஏற்றி இறக்க வந்த தொழிலாளர் கூட்டத்தின் நடுவே, சாப்பா என்னும் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். ஓடி நெரிந்து அதைப் பற்றியவனுக்கே அன்று கூலி. அம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் உயிர் நீத்தனர். ஒரு வில்லையைக் காட்டினால்தான் மனிதன் மனிதனாக மதிக்கப்படுவான் என்ற நிலையை இவ்வூர்த் தொழிலாளர் ஏற்கவில்லை. சாப்பாவையாவது மாலையில் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முகத்தைக் கழற்றி வைப்பது எங்ஙனம்?

சட்டம் இதைக் குறித்து யாது கூறுகிறது? கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பெயரில் ஓர் ஏடு திறந்து, நள்ளிரவில் கதவைத் தட்டி வந்தனர். 1962-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளைச் செல்லாதவை என்றது; ஆனால் அந்தரங்கம் தனி உரிமையாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு மாறுபட்டு எழுதினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அதில் அரசாங்கம் தலையிட வேண்டுமாயின் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாக இருக்க வேண்டும்.

முகமறி கருவிக்கென்றே இயற்றப்பட்ட தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. ஐதராபாத்தில் 2021-ஆம் ஆண்டில் எஸ்.க்யூ. மசூத் என்னும் சமூகப் பணியாளரைத் தெருவில் நிறுத்தி, முகக்கவசத்தை நீக்கச் சொல்லிப் போலீசார் படம் எடுத்தனர். எந்தச் சட்டப்படி இது என்று கேட்டு அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்தை நாடினார்.

பிற நாடுகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் போலீசார் முகமறி காமிராவைப் பயன்படுத்திய முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2020-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. எவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம், எவ்விடத்தில் பயன்படுத்தலாம் என்பவை காவலர் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம், பொது இடத்தில் உடனுக்குடன் முகமறிவதைச் சில விதிவிலக்குகளோடு 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது. போலீசார் மார்பில் அணியும் காமிராக்களைச் செய்யும் ஆக்சன் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் அறநெறிக் குழுவின் கருத்தை ஏற்று, அவற்றில் முகமறியும் வசதியைச் சேர்ப்பதில்லை என்று 2019-ஆம் ஆண்டில் கூறியது. ஆனால் 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் கானடாவின் எட்மண்டன் நகரில் அதே நிறுவனத்தின் காமிராக்களைக் கொண்டு அச்சோதனை தொடங்கிற்று. நிறுவனத்தின் வாக்குறுதி சட்டத்துக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே சான்று.

வெளி மாநிலத்தில் வாழ்கிற தமிழருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. சொந்த ஊரில் ஒருவர் தவறாக நிறுத்தப்பட்டால், 'இவர் இன்னார் மகன்' என்று கூற அடுத்த தெருவில் பத்துப் பேர் இருப்பர். அயலூரில் அவ்வாறு கூறுவார் அரியர். கேட்கப்படும் கேள்வியே புரியாமல் விழிப்பவரும் உளர். அவர்கள் அறிந்திருக்க வேண்டுவன சில. ஒருவரைக் கைது செய்தால் காரணத்தைக் கூற வேண்டும் என்பதும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும் என்பதும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் 22-ஆம் ஷரத்து தரும் உரிமைகள். அந்தக் காரணத்தை எழுத்து மூலமாக, கைதானவருக்குப் புரியும் மொழியிலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. எனவே கொச்சியிலும் சூரத்திலும் தில்லியிலும் தமிழர் ஒருவர், 'எனக்குத் தமிழில் எழுதித் தாருங்கள்' என்று பணிவோடு கேட்கலாம். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அனுப்பும்படியும் கேட்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்னும் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் உண்டு.

அரசாங்கத்திடம் பொதுமக்கள் கேட்க வேண்டுவனவும் சிலவே. கருவியைப் பயன்படுத்தும் முன் சட்டமன்றத்தில் விவாதித்துச் சட்டம் செய்யவேண்டும். எவர் பெயர் பட்டியலில் சேரும், எப்பொழுது நீங்கும் என்பது அச்சட்டத்தில் இருக்க வேண்டும். பொருந்தாத முகங்களை அப்பொழுதே அழித்துவிட வேண்டும். பொருந்திய முகத்தையும் மனிதர் ஒருவர் பிற சான்றுகளோடு சரிபார்த்த பின்னரே நடவடிக்கை எடுக்க வேண்டும். எத்தனை பேர் நிறுத்தப்பட்டனர், எத்தனை பேர் தவறாக நிறுத்தப்பட்டனர் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். இவை காவலரின் கையைக் கட்டுவன அல்ல. மக்களின் நம்பிக்கையின்றி எந்தக் காவலும் நெடுநாள் நடவாது.

சில நாட்களுக்கு முன்னர் வெளியிலுள்ள சலவைத் துறைக்குச் சென்றிருந்தேன். முதியவர் ஒருவர் உலர்ந்த துணிகளை வீடு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியின் ஓரத்தில் இடும் குறியைக் கொண்டே அது எவருடையது என்று அறிவது அவர்கள் மரபு. முற்காலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவார்கள். போலீஸ் கண்ணாடியைப் பற்றிய செய்தியை நான் கூறியதும் அவர் சற்று யோசித்தார்.

"தம்பி, எங்களுக்கும் எப்போதாவது குறி தப்புவதுண்டு. சட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். மறுநாளே அந்த வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் போய் மன்னிப்புக் கேட்டு வருவேன். ஆள் மாறிப் போனால் யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்? யார் மன்னிப்புக் கேட்பார்கள்?" என்றார்.

சலவைத் துறையில் அதற்கு விடை உண்டு. தவறினவர் இன்னார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். காவலரின் கண்ணாடி விஷயத்திலும் அவ்வாறே பொறுப்பேற்பவர் இன்னார் என்று சட்டம் பெயர் குறித்துக் கூற வேண்டும். அது வரையில் முதியவரின் கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டே இருப்பது கடமையாகும்.